பதினைந்து ஆண்டுகள் எவரும் பாராத குழாய்

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 190ஆம் பிரிவு, பிறருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய குறைபாடுள்ள வண்டியைப் பொதுவிடத்தில் ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. அந்தக் குறை ஓட்டுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. இயல்பான கவனத்தோடு பார்த்திருந்தால் தெரியவந்திருக்கும் என்றாலே குற்றம் நிலைபெறும். ஆக, தன் வண்டியின் குறையைத் தானே கண்டறியும் ஆற்றல் உரிமையாளருக்கு உண்டு என்று சட்டம் முன்கூட்டியே எண்ணிக்கொள்கிறது. அந்த ஆற்றலை யார் கற்பித்தார்கள், எங்கே கற்பித்தார்கள் என்ற வினாவுக்குச் சட்டத்திலும் விடையில்லை, கல்வித்திட்டத்திலும் விடையில்லை.

அதே சட்டத்தின்படி சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு பதினைந்து ஆண்டுகள் செல்லும். வாடகை வண்டிகளுக்குத் தகுதிச் சான்று இடையிடையே தேவை. சொந்தக் காருக்கு அதுவும் இல்லை. இடைக்காலத்தில் அரசு கேட்பது புகைச் சான்று ஒன்றுதான். அதற்கு வண்டியின் பின்புறத்தில் ஒரு குழலைச் செருகினால் போதும், அடிப்புறத்தை எவரும் குனிந்து பார்க்க வேண்டியதில்லை. பிரிட்டனில் மூன்றாம் ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் நடைபெறும் சோதனையோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். இங்கே காரின் அடிவயிறு பதினைந்து மழைக்காலங்களைத் தனியாகவே கடக்கிறது.

அங்கே ஓடுகின்றவற்றுள் மிகவும் எளியதும் மிகவும் இன்றியமையாததும் பிரேக் குழாய். ஏறத்தாழ 4.75 மி.மீ. வெளிவிட்டம், அதாவது எழுதும் பென்சிலைவிட மெலிது. சுவரின் தடிப்பு 0.7 மி.மீ. அளவே. ஓட்டுபவர் மிதியை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டரில் தோன்றும் அழுத்தம் இந்தக் குழாயின் வழியே நான்கு சக்கரங்களுக்கும் சென்று சேர்கிறது. பாஸ்கல் விதியைப் பள்ளியில் படித்தவர்களுக்கு இது புதிதன்று. அவ்விதி செயல்படும் இடத்தில் எத்துணை அழுத்தம் என்பதுதான் பாடநூலில் அரிதாகவே சொல்லப்படுகிறது. காரின் டயரில் உள்ள காற்றின் அழுத்தம் இரண்டு பார் சொச்சம். அவசரமாகப் பிரேக் மிதிக்கும்போது குழாயினுள் எழும் அழுத்தம் நூறு பார் அளவை எட்டக்கூடும். டயரைப் போல ஏறத்தாழ ஐம்பது மடங்கைத் தாங்கி நிற்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான எஃகு.

இந்த எஃகு வெறும் எஃகாக விடப்படுவதில்லை. துத்தநாகப் பூச்சோ நெகிழிப் பூச்சோ, சிலவற்றில் இரண்டுமோ உண்டு. பூச்சு கீறப்படும் வரை குழாய் நலமாக இருக்கும். சக்கரம் வீசும் கல் பட்டாலோ, குழாயை உடலோடு பிணைக்கும் கிளிப் உரசினாலோ கீறல் விழுகிறது. கிளிப்பின் அடியில் சேறு தங்குகிறது, சேற்றில் ஈரம் தங்குகிறது. வெளியில் காய்ந்து தெரியும் குழாய், கிளிப்பை அகற்றிப் பார்த்தால் செதில் செதிலாக உதிர்வது இதனால்தான். கண்ணுக்கு எளிதில் படும் பகுதி கடைசியில் கெடுகிறது; பெட்ரோல் டாங்கிக்கு மேலும் பின் அச்சின் வளைவிலும் மறைந்து ஓடும் பகுதி முதலில் கெடுகிறது. கொங்கணக் கடற்கரையிலோ விசாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கடற்காற்றின் உப்பு இந்த வேலையை விரைவுபடுத்தும். ஜோத்பூரில் இருபது ஆண்டு நின்ற காரின் குழாயைவிட ரத்னகிரியில் எட்டு ஆண்டு ஓடிய காரின் குழாய் மோசமாக இருந்தால் அதில் வியப்படைய ஒன்றுமில்லை.

பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவும் நாடுகளில் இது பொதுப் பிரச்சினையாகவே வளர்ந்தது. அமெரிக்காவில் 1999 முதல் 2003 வரையிலான ஜெனரல் மோட்டார்ஸ் பிக்அப், எஸ்.யு.வி. வண்டிகளில் பிரேக் குழாய்கள் துருப்பிடித்து வெடித்ததாகப் புகார்கள் குவிந்தன. நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் பல ஆண்டுகள் விசாரித்து 2015 ஏப்ரலில் அவ்விசாரணையை முடித்துக்கொண்டது. திரும்பப் பெறும் ஆணை பிறக்கவில்லை. உற்பத்திக் குறையென்று இதைக் கொள்ளவியலாது, காலத்தாலும் உப்பாலும் நேரும் தேய்மானம் இது, பிற நிறுவனங்களின் வண்டிகளிலும் காணப்படுவதே என்பது முடிவு. அடிப்புறத்தைக் கழுவுங்கள், குழாய்களைப் பாருங்கள், செதில் உதிரக் கண்டால் குழாய்த் தொகுதி முழுவதையும் மாற்றுங்கள் என்று உரிமையாளர்களுக்கு அறிவுரை வழங்கப்பட்டது. இம்முடிவு நிறுவனத்துக்குச் சாதகமானது என்று சினம் கொண்டவர்கள் பலர், அச்சினத்தில் நியாயமும் உண்டு. ஆனால் அம்முடிவின் உட்பொருளை இந்திய வாசகர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். ஓர் அரசு தன் குடிமக்களிடம், குனிந்து பார்ப்பது உங்கள் பொறுப்பு என்று வெளிப்படையாகச் சொன்னது; எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னது. பிரிட்டனின் சோதனைக் கையேடு இன்னும் துல்லியமாக, சுவர்த்தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 0.25 மி.மீ. குறைந்திருந்தால் வண்டியைத் தேர்ச்சியிலிருந்து விலக்கலாம் என்று சோதிப்போருக்கு அளவுகோல் தந்திருக்கிறது. இந்தியாவின் 190ஆம் பிரிவோ இயல்பான கவனம் என்ற சொல்லோடு நின்றுவிடுகிறது.

இந்நிலையில், பழைய காரின் துருப்பிடித்த பிரேக் குழாயை வீட்டிலேயே மாற்றலாமா என்ற வினா எழும்போது படித்தவர்களிடமிருந்து வரும் முதல் விடை ஏறக்குறைய ஒன்றுதான்: பிரேக் விளையாட்டல்ல, அதை வல்லுநரிடம் விட்டுவிட வேண்டும். இவ்விடையின் அக்கறை உண்மையானது. தவறாகப் பொருத்திய குழாய் பலிகொள்வது பொருத்தியவரை மட்டுமன்று. குறுக்குச் சாலையைக் கடக்கும் ஒரு குழந்தையாகவும் அது இருக்கலாம். ஆனால் அந்த வல்லுநர் யார்? ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் என்னும் இரண்டாண்டுப் பயிற்சி உண்டு. அதை முடித்தவர்தான் பிரேக்கைத் தொடலாம் என்ற விதி இல்லை. வண்டி ஓட்டுவதற்கு உரிமம் வேண்டும், பழுது நீக்குவதற்கு வேண்டாம். தெருமுனைப் பட்டறையில் வேலை செய்பவர் பெரும்பாலும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் சிறுவனாக நுழைந்து, பார்த்துப் பார்த்துக் கற்றவர். அவர் கைத்திறன் ஐயத்துக்கு அப்பாற்பட்டதாக இருக்கலாம். எழுதிவைத்த அளவுகோல் அவரிடமும் இல்லை. ஆகவே வல்லுநருக்கும் அமெச்சூருக்கும் இடையில் இந்தியாவில் சட்டம் வரைந்த கோடு எதுவுமில்லை. அனுபவத்தின் கோடு உண்டு, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அனுபவம் கற்கக்கூடியது.

அக்கல்வியின் உள்ளடக்கம் என்ன என்பதைச் சற்று நின்று பார்ப்பது பயன் தரும். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் நுழைவது தற்கொலைக்கு ஒப்பாகும். உறுதியான தாங்கிகளும் சக்கரத்துக்கு முட்டும் வேண்டும். பழைய இணைப்புகளில் துருநீக்கும் எண்ணெயை முந்தைய நாளே ஊற்றி ஊறவிட வேண்டும். பிரேக் குழாயின் நட்டு மென்மையானது (பெயர்தான் நட்டு, மரை அதன் வெளிப்புறத்தில் இருக்கும்). சாதாரணத் திறந்த வாய் ஸ்பேனர் அதன் முனைகளை வழித்துவிடும். அறுபுறத்தையும் தழுவி, குழாய் நுழைய மட்டும் ஓர் இடைவெளி விட்ட தனி ஸ்பேனர் இதற்கென உண்டு. நட்டு அசையாவிட்டால் குழாயை அங்கேயே வெட்டிவிட்டு, நட்டின்மேல் முழு சாக்கெட்டைப் போட்டுத் திருகுவது பட்டறை வழக்கம். மாற்றப்போகும் குழாயைக் காப்பாற்றுவதில் பொருளில்லை. அது செருகியிருக்கும் சிலிண்டரின் மரையைக் காப்பாற்றுவதே வேலை.

கழற்றிய குழாயை எறிந்துவிடலாகாது, அதுதான் வரைபடம். அதன் வளைவுகளைப் பார்த்தே புதியதை வளைக்க வேண்டும். புதிய குழாய்க்கு எஃகையே தெரிந்தெடுக்கலாம். இன்று பலர் நாடுவது செம்பு-நிக்கல் கலவை. பத்து விழுக்காடு நிக்கலும் சிறிதளவு இரும்பும் கலந்த இக்கலவை துருப்பிடிக்காது, கையால் வளைக்கும் அளவுக்கு இசைந்து கொடுக்கும். தூய செம்பு இதைவிட எளிதாக வளையும், கடையிலும் கிடைக்கும், குளிர்சாதனக் கருவி பழுதுபார்ப்பவரிடம் கேட்டால் மிச்சத் துண்டைக்கூடக் கொடுத்துவிடுவார். பிரேக்குக்கு அது ஆகாது. ஓயாத அதிர்வில் செம்பு கடினமாகி, களைப்புற்று, ஒரு நாள் முன்னறிவிப்பின்றி விரிசல் விடும். நிறத்தால் இரண்டும் உறவினர்கள், நடத்தையால் அல்லர்.

பின்னர் வருவது விளிம்பு விரித்தல், பட்டறை மொழியில் ஃபிளேரிங். வீட்டில் செய்வதன் நியாயம் முழுவதும் இந்த ஒரு செயலில் தங்கியிருக்கிறது. குழாயை வெட்டி, பிசிறு நீக்கி, நட்டை முதலில் கோத்துவிட்டு (பத்தில் ஒன்பது பேர் முதல் முறை இதை மறந்து, விரித்த விளிம்பை வெட்டியெறிந்துவிட்டு மீண்டும் தொடங்குவார்கள்) அச்சுக் கருவியில் இறுக்க வேண்டும். முதல் அழுத்தத்தில் விளிம்பு உள்நோக்கிக் குமிழாகச் சுருளும். இரண்டாம் அழுத்தத்தில் கூம்பு அக்குமிழைத் தன்மேலேயே மடித்து இரட்டைச் சுவராக்கும். ஒற்றைச் சுவராக விரித்தால் பிளந்துபோகும், ஆகவே இரட்டை மடிப்பு. ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் முதல் கட்டத்தோடு நிற்கும் குமிழ் விளிம்பே முறை. ஒன்றின் இருக்கையில் மற்றொன்றைப் பொருத்தினால் இறுக்க இறுக்கச் சொட்டும். மடிப்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும், உள்முகத்தில் மயிரிழை அளவு வெடிப்பு இருந்தாலும், கண் கூசாமல் வெட்டி எறிய வேண்டும். பயிலத் தொடங்குபவர் பத்துத் துண்டுகளையாவது வீணாக்கிய பிறகே வண்டிக்கு உரியதைத் தொடுவது முறை.

மரையிலும் ஒரு பொறி ஒளிந்திருக்கிறது. ஆங்கிலேய மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வழிவந்த அம்பாசிடரின் உலகம் அங்குல அளவு. ஜப்பானியக் குடும்பத்துச் சிறு கார்களின் உலகம் மில்லிமீட்டர் அளவு. 3/8 அங்குல நட்டின் விட்டம் 9.5 மி.மீ. சொச்சம். அது 10 மி.மீ. துளையில் தளர்வாக ஏறிவிடும், இறுகியதுபோலவே தோன்றும். அவசரமான ஒரு பிரேக்கின்போது பிடுங்கிக்கொள்ளும். தில்லி காஷ்மீரி கேட்டிலும் கொல்கத்தா மல்லிக் பஜாரிலும் பெங்களூரு ஜே.சி. சாலையிலும் பழம்பாகங்கள் வாங்குபவர் அளவுகருவி ஒன்றைப் பையில் வைத்திருப்பது நல்லது.

மற்றவை ஒப்பீட்டளவில் எளியவை. பழைய கிளிப்புகள் இருந்த இடங்கள் அனைத்திலும் மீண்டும் கிளிப் வேண்டும், புகைக்குழலிலிருந்து விலகி ஓட வேண்டும், அசையும் எதனோடும் உரசலாகாது. பிரேக் ஆயில் மூடியில் எழுதியுள்ள தரத்தையே ஊற்ற வேண்டும். டாட் 3, டாட் 4 ஆகிய கிளைக்கால் வகைகள் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையவை. புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கலாகாது என்பது தரம்; ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பு 140 ஆகிறது. எனவே அலமாரியில் சென்ற ஆண்டு திறந்துவைத்த குப்பி சிக்கனம் ஆகாது. காற்றை வெளியேற்றும் வரிசை வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பின்பற்ற வேண்டும். எல்லாம் முடிந்தபின் எஞ்சினை ஓடவிட்டு, மிதியை முழு வலுவோடு அழுத்திப் பிடித்திருக்க, மற்றொருவர் ஒவ்வொரு இணைப்பிலும் வெள்ளைத் தாளை ஒற்றிப் பார்க்க வேண்டும். தாளில் ஈரம் தெரிந்தால் வண்டி முற்றத்தை விட்டு நகரக்கூடாது. இந்தக் கடைசிச் செயலைச் செய்யாத பட்டறைகள் நகரந்தோறும் உண்டு. வீட்டில் செய்பவருக்கு அதைத் தவிர்க்கக் காரணமே இல்லை, அடுத்த வண்டி வரிசையில் காத்திருப்பதில்லை.

மேலே சொன்னவற்றுள் ஓர் இளநிலைப் பொறியியல் மாணவரால் விளங்கிக்கொள்ள இயலாதது எதுவுமில்லை. ஆயினும் நாட்டின் பெரும்பாலான இயந்திரவியல் துறைகளில் பிரேக் அமைப்பு என்பது பச்சையும் சிவப்பும் பூசி, குறுக்கே வெட்டி, மேசைமேல் நிறுத்திய காட்சிப்பொருள். ஆய்வேட்டில் அதன் படம் வரையப்படுகிறது, கையொப்பம் பெறப்படுகிறது. விதிவிலக்கு, 2007 முதல் நடைபெற்றுவரும் பாஹா எஸ்.ஏ.இ. இந்தியா போன்ற மாணவர் போட்டிகள். அங்கே மாணவர்கள் தாமே கட்டிய வண்டியின் நான்கு சக்கரங்களும் ஒருசேரப் பூட்டிக்கொள்வதைக் காட்டினால்தான் பந்தயத்தில் இடம். பிரேக் சோதனையில் தோற்று, இரவெல்லாம் காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்த குழுக்கள் கற்றதை எந்த எழுத்துத் தேர்வும் கற்பித்திராது. ஆனால் அது புதிய உலோகம், சில நாள் ஓட்டம். துரு என்னும் காலத்தின் கைவேலை அப்பாடத்தில் இல்லை. புதியதைப் படைப்பது கல்வி, பழையதைப் பேணுவது கூலிவேலை என்ற பிரிவு அங்கும் தொடர்கிறது.

இப்பிரிவு மோட்டாரோடு பிறந்ததன்று. கையால் உழைப்பவரைத் தாழ்த்தியும் நூலைக் கற்பவரை உயர்த்தியும் வைத்த சாதிய ஒழுங்கு, பட்டறை வாசலிலும் நிற்கிறது. 1937இல் வார்தாவில் கூடிய மாநாடு கைத்தொழிலை மையமாகக் கொண்ட அடிப்படைக் கல்வியை முன்வைத்தது. ஜாகிர் உசேன் தலைமையிலான குழு அதற்குப் பாடத்திட்டமும் வகுத்தது. அத்திட்டத்தின்மீது குலத்தொழிலை நிலைநிறுத்தும் என்ற கடுமையான ஐயம் எழுந்தது, அவ்வையம் பொருளற்றதன்று. எவர் பிள்ளை நூல் நூற்கப் போகிறது, எவர் பிள்ளை வழக்குரைஞராகப் போகிறது என்று கேட்டவர்கள் இந்தியாவை அறிந்தே கேட்டார்கள். அதனால்தான் பேராசிரியர் ஒருவர் விடுமுறை நாளில் தன் காரின் அடியில் படுத்துக் கிரீஸ் படிந்த கையோடு எழுவதைப் புரட்சி என்று கொண்டாடுவதும் மிகையே. அவர் விரும்பினால் எழுந்து குளிக்கலாம், பட்டறைச் சிறுவனுக்கு அந்த விருப்பம் இல்லை. எனினும் ஒன்று நிகழும். விளிம்பு விரிப்பில் ஐந்து முறை தோற்றவர், அதை ஒரே முறையில் செய்பவரிடம் இருநூறு ரூபாய்க்குப் பேரம் பேச நாணுவார். உழைப்பின் மதிப்பைப் பற்றிய கருத்தரங்குகள் பலவற்றால் ஆகாதது அது.

பழைய வண்டிகளைப் பற்றிய அரசின் அணுகுமுறையை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல், பதினைந்து ஆண்டு கடந்த சொந்தக் காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. தில்லித் தலைநகர்ப் பகுதியில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்குமான தடையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதிசெய்தது. 2025 ஆகஸ்டில், வயதை மட்டும் காரணமாக்கி உரிமையாளர்மீது கட்டாய நடவடிக்கை வேண்டாம் என்று இடைக்கால ஆணையிட்டது. காற்று மாசு உயிர்போகும் பிரச்சினை, அதில் இரு கருத்தில்லை. ஆனால் பாதுகாப்பின் பெயரால் வயதை அளக்கும்போது, துரு வயதைப் பார்த்துப் பிடிப்பதில்லை என்பது மறக்கப்படுகிறது. ஐந்தாம் ஆண்டில் ஒரு முறை, பத்தாம் ஆண்டில் ஒரு முறை வண்டியைத் தூக்கி நிறுத்தி, கிளிப்புகளின் அடியில் விளக்கடித்துப் பார்க்கும் பத்து நிமிடச் சோதனைக்கு எந்த உயர் தொழில்நுட்பமும் தேவையில்லை. தானியங்கிச் சோதனை நிலையத்தின் உருளைகள் பிரேக்கின் விசையை அளக்கும். நாளை வெடிக்கப்போகும் குழாய் இன்று முழு விசையையும் தரவே செய்யும். வீட்டில் குழாயை மாற்றியவர் தன் வேலையைக் கொண்டுபோய்க் காட்டி, சரி என்றோ தவறு என்றோ எழுத்தில் பெறக்கூடிய இடமாகவும் அந்நிலையங்கள் அமையலாம். அத்தகைய இடமில்லாததே வீட்டுப் பழுதுநீக்கத்தின் உண்மையான ஆபத்து. ஸ்பேனர் பிடிக்கும் கை எவருடையது என்பது அதற்கு அடுத்தது.

உதிரிபாகங்களும் பழுதுநீக்கும் தகவலும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்தமைக்காக 14 கார் நிறுவனங்களுக்கு 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீடுகளில் நீண்டது. 2022இல் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தது. அதன் பட்டியலில் கார்களும் இருந்தன. இவை பிரேக் குழாயைத் தொடுமா என்று கேட்பவர்கள், 2019 ஏப்ரல் முதல் புதிய கார்கள் அனைத்திலும் ஏ.பி.எஸ். கட்டாயமானதை நினைவுகூர வேண்டும். அவ்வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டருக்கும் சக்கரங்களுக்கும் இடையில் வால்வுகள் நிறைந்த ஓர் அலகு உண்டு. குழாயை மாற்றும்போது அதனுள் காற்று புகுந்துவிட்டால், வால்வுகளை உரிய வரிசையில் திறந்து மூடக் கண்டறி கருவியின் வழியே கட்டளை அனுப்ப வேண்டிய வண்டிகள் பல. அக்கட்டளை நிறுவனத்தின் மென்பொருளில் இருக்கிறது. 2019இன் கார்கள் 2034இல் பதினைந்தை எட்டும். அன்று கடற்கரை நகரம் ஒன்றில் ஒருவர் குழாயைப் பழுதின்றி வளைத்து, விளிம்பைப் பிசகின்றி விரித்து, வெள்ளைத் தாளில் ஈரம் இல்லை என்று உறுதிசெய்த பின்னும், மிதி பஞ்சுபோல் அமிழ்ந்துகொண்டேயிருக்கும்.